கறிவேப்பிலைச் செடியில் ஒரு மாதப் பாடம்: பட்டாம்பூச்சி வளர்ப்பு, படிப்படியாக

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டில்தான் படிக்கிறார்கள். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு ஐந்து. "காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்படி என்னதான் சொல்லிக்கொடுப்பீர்கள்?" என்று யாராவது கேட்டால் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியைக் காட்டுவேன். மூன்று வருடமாக, மழை ஆரம்பித்துத் துளிர் விட்டதும் ஒரு மாதம் எங்கள் வகுப்பு அங்கேதான். அறிவியல், கணக்கு, தமிழ் எல்லாம் அந்த ஒரு செடியிலேயே கிடைத்துவிடுகிறது.

முதல் வருடம் நிறையத் தப்பு செய்தேன். ஒரு பட்டாம்பூச்சி சிறகு விரிக்க முடியாமல் எங்கள் கண்ணெதிரே செத்துப்போனது. அது உங்கள் வீட்டில் நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் முட்டையைத் தேடுங்கள்

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற இரண்டு வகைப் பட்டாம்பூச்சிகளும் இந்தச் செடிகளைத் தேடித்தான் வரும். வெயில் ஏறும் நேரத்தில் பத்து நிமிடம் செடிப்பக்கம் சும்மா உட்காருங்கள். முட்டையிட வரும் பட்டாம்பூச்சி பூவைத் தேடாது, இலை இலையாகத் தொட்டுத் தொட்டுப் பறக்கும். முன்னங்கால்களால் இலையைத் தட்டிப் பார்த்துத்தான் இது சரியான செடி என்று கண்டுகொள்கிறது. கால்தான் அதற்கு நாக்கு என்று நான் சொன்னதிலிருந்து சின்னவன் எந்த இலையைக் கண்டாலும் காலால் தொட்டுப் பார்க்கிறான்.

பறந்து போனதும் இளந்துளிரைப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக, ஒரு மில்லிமீட்டர் அளவில், கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை ஒட்டியிருக்கும். அதுதான் முட்டை. கையால் எடுக்காமல் துளிரோடு கிள்ளி எடுங்கள். நான்கைந்துக்கு மேல் வேண்டாம். பிள்ளைகள் இருபது கேட்பார்கள். இருபதுக்கு இலை பறித்தே உங்கள் செடி மொட்டையாகிவிடும்.

முட்டை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஏதாவது தெரிந்தால் உற்றுப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக அப்படிக் கிடப்பது பெரும்பாலும் இளம்புழுதான். பறவை கொத்தாமல் இருக்க அதற்கு அந்த வேடம். கம்பளிப்பூச்சி போல முடி கிடையாது, தொட்டால் அரிக்காது. ஆனால் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டும். அப்போது அழுகிய நாரத்தங்காய் வாசம் வரும். ஒரு தடவை காட்டுங்கள், திரும்பத் திரும்பச் சீண்ட விடாதீர்கள்.

பெட்டி

பழைய அட்டைப்பெட்டி ஒன்று, ஒரு முழம் கொசுவலைத் துணி, நூல், பழைய செய்தித்தாள், ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில், பஞ்சு. இவ்வளவுதான். பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு அங்கே வலையை ஒட்டுங்கள்.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஓட்டை போட்டது, வேண்டவே வேண்டாம். உள்ளே வேர்க்கும், எச்சத்தில் பூஞ்சை பிடிக்கும். அதைவிட மோசம், அதன் சுவர் வழவழப்பு. அது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதைக் கீழே சொல்கிறேன். காசு செலவழிக்க ஆசையிருந்தால் நல்ல கண்ணாடி லென்ஸ் ஒன்று வாங்குங்கள். பொம்மைக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் லென்ஸில் எல்லாம் மங்கலாகத் தெரிந்து, இரண்டு நாளில் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டிவிடும்.

தீனி

மூன்று நான்கு நாளில் புழு வெளியே வரும். வந்ததும் முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான். அதைப் பார்த்ததும், "வீட்டையே தின்னுடுச்சும்மா!" என்று பெரியவள் தெருவரைக்கும் ஓடிப்போய்ச் சொன்னாள்.

கொப்பைத் தண்ணீர் பாட்டிலில் செருகி வைத்தால் இலை இரண்டு நாள் வாடாது. ஆனால் பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக்கி அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் புழு தண்டு வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்துவிடும். அடியில் விரித்த செய்தித்தாளைத் தினமும் மாற்றுங்கள். எங்கள் வீட்டில் அது சின்னவன் வேலை. எச்ச உருண்டைகளை எண்ணிவிட்டுத்தான் தாளை மடிப்பான். நூறு வரை எண்ண அவன் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

கடைக் கறிவேப்பிலையை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். முதல் வருடம் ஒருநாள் நல்ல மழை, கொல்லைக்குப் போகச் சோம்பல், சமையலுக்கு வாங்கிய கொத்திலிருந்து இரண்டு இணுக்கைப் போட்டேன். மறுநாள் காலை மூன்று புழுக்கள் வளைந்து கிடந்தன, அசைவே இல்லை. இலையில் அடித்த மருந்துதான் காரணமாக இருக்க வேண்டும், வேறு எதையும் நான் மாற்றவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை. சமையலுக்குக்கூட அதற்கப்புறம் நான் கடைக் கறிவேப்பிலையை நெடுநேரம் ஊறவைத்து அலசாமல் சேர்ப்பதில்லை.

எந்தச் செடியில் கிடைத்ததோ அந்தச் செடியின் இலையையே கடைசிவரை கொடுங்கள். நடுவில் மாற்றினால் சில புழுக்கள் வாய் வைக்காது.

அளப்பதும் எழுதுவதும்

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஸ்கேலில் மில்லிமீட்டர் படிப்பது கஷ்டம். அதனால் நாங்கள் நூலால் அளப்போம். தினமும் சாயங்காலம் புழு நீட்டிக் கிடக்கும்போது பக்கத்தில் நூலைப் பிடித்து, அதே நீளத்துக்கு வெட்டி, நோட்டில் வரிசையாக ஒட்டுவோம். முதல் நாள் நூல் எறும்பு அளவுகூட இருக்காது, விரலில் ஒட்டிக்கொண்டு தாளுக்கு வர மறுக்கும். கடைசி நாள் நூல் நாலரை சென்டிமீட்டர். பதினைந்து நூலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது படிக்கட்டு மாதிரி ஏறிப்போவதைப் பிள்ளையே விரல் வைத்துத் தடவிப் பார்க்கும். வரைபடம் என்ற சொல்லை அதற்கப்புறம் சொன்னால் போதும்.

பெரியவள் ஒவ்வொரு நூலுக்குக் கீழும் ஒரு வரி எழுதுவாள். "இன்று புழு தோல் உரித்தது. உரித்த தோலைத் தின்றது." புழு என்று தினமும் எழுதி எழுதியே அவளுக்கு ழ வசமாகிவிட்டது.

நான்கு தடவை தோல் உரிக்கும். கடைசித் தடவைக்குப் பிறகு எச்ச நிறம் போய்ப் பச்சையாகிவிடும், கண் போல இரண்டு புள்ளி தெரியும். இனிமேல்தான் அகோரப் பசி. காலையில் வைத்த கொப்பு மத்தியானத்துக்குள் வெறும் குச்சியாகும். இலையைப் போதுமான அளவு பறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடு கட்டும் நாள்: இங்கேதான் கவனம்

ஒருநாள் புழு சாப்பிடுவதை நிறுத்திவிடும். வழக்கமான உருண்டைக்குப் பதிலாக நீர்த்த கழிவு போகும். பிறகு பெட்டி முழுக்க அலையும், மூலை மூலையாக ஏறி இறங்கும். நோய் வந்துவிட்டது என்று முதல் தடவை நான் பயந்தேன். அது நோய் இல்லை, கூட்டுப்புழுவாக மாற இடம் தேடுகிறது.

அப்போது பெட்டிக்குள் சொரசொரப்பான குச்சிகள் சாய்வாக நிற்க வேண்டும். சுண்டுவிரல் தடிமனில், பெட்டி உயரத்துக்கு மூன்று நான்கு போதும். புழு குச்சியில் பட்டு நூலால் சின்ன மெத்தை பின்னி வாலை ஊன்றும். பிறகு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி ஒரு நூலை முதுகுப் பக்கம் சுற்றிக் கட்டும். கட்டி முடித்ததும் அந்த நூலில் சாய்ந்து நிற்கும். "கரண்ட் கம்பத்துல ஏறி பெல்ட் மாட்டிக்கிட்டு சாய்ஞ்சு நிப்பாரே லைன்மேன், அதேதான்" என்றான் சின்னவன். இதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது.

முதல் வருடம் நான் வைத்திருந்தது பிளாஸ்டிக் டப்பா. குச்சி வைக்கவில்லை. புழு வழவழப்பான சுவரில் நூல் கட்டியது, மறுநாள் தோல் உரித்தபோது பிடி விட்டுக் கீழே விழுந்தது. கூட்டுப்புழு அப்படியே தரையில் கிடந்தது. பத்து நாள் கழித்துப் பட்டாம்பூச்சி வெளியே வந்தது உண்மைதான். ஆனால் ஏறித் தொங்க அதற்கு ஒன்றுமில்லை. ஈரச் சிறகு கீழ்நோக்கித் தொங்கினால்தான் நன்றாக விரியும். அது சுவரில் ஏறி வழுக்கி, ஏறி வழுக்கி, கடைசியில் சிறகு கசங்கியபடியே காய்ந்துபோனது. இரண்டு நாள் பஞ்சில் தேன் தண்ணீர் வைத்துப் பார்த்தோம்.

உங்கள் வீட்டில் கூட்டுப்புழு விழுந்துவிட்டால் இதைச் செய்யுங்கள். தோல் கெட்டியாக ஒருநாள் விடுங்கள். செய்தித்தாளைச் சுண்டல் பொட்டலம் மாதிரி கூம்பாகச் சுருட்டுங்கள். வால் கூர்முனைப் பக்கம், தலை மேலே இருக்கும்படி மெதுவாக உள்ளே இறக்கி, கூம்பைப் பெட்டிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தாளின் சொரசொரப்பைப் பிடித்து அது ஏறி வந்துவிடும். இரண்டாம் வருடம் விழுந்த ஒன்றை இப்படித்தான் காப்பாற்றினோம்.

ஒட்டியிருக்கும் கூட்டைப் பிய்த்து இடம் மாற்ற வேண்டாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் குச்சியோடு எடுங்கள்.

வெளிவரும் காலை

ஒன்பது பத்து நாளில் கூடு கறுத்து, உள்ளே சிறகின் நிறம் தெரிய ஆரம்பிக்கும். அன்றிரவே பிள்ளைகளைச் சீக்கிரம் தூங்கவையுங்கள், பெரும்பாலும் விடிகாலையில்தான் வரும். வந்ததும் சிறகு ஈரத் துணி போலச் சுருங்கியிருக்கும். கால்மணி, இருபது நிமிடத்தில் விரியும். கீழே பழுப்பாகச் சில சொட்டு விழும், அது ரத்தமில்லை, உள்ளே சேர்ந்த கழிவு. சிறகு காய இரண்டு மணி நேரமாவது தொடாமல் இருக்க வேண்டும். பிறகு பெட்டியை அதே செடியடியில் வைத்து வலையைத் திறந்துவிடுங்கள்.

என் மாமியார் முதலில், "பூச்சி அரிச்ச இலையைக் கிள்ளி எறியாம வளர்த்துக்கிட்டு இருக்கியே" என்று கோபித்துக்கொண்டார். இப்போது விடிகாலையில் பிள்ளைகளை எழுப்புவதே அவர்தான்.

ஒரு தடவை ஒரே செடியில் எடுத்த இரண்டு பெண் பூச்சிகள் வெவ்வேறு நிறத்தில் வந்தன. ஒன்று கறுப்பு, மற்றதில் சிவப்புத் திட்டு. கறிவேப்பிலை அழகியில் இது சகஜம். பறவைகள் தின்ன விரும்பாத வேறு வகைப் பட்டாம்பூச்சி போலச் சில பெண்கள் வேடம் போடும். புழுவில் எச்ச வேடம், வளர்ந்ததும் இந்த வேடம்.

வெளியே கூட்டிப்போவது

இதெல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்ரீரங்கம் பக்கத்தில் மேலூரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வனத்துறை அமைத்து 2015-இல் திறந்த பூங்கா அது. முன்னாலேயே போயிருந்தால் பிள்ளைகள் ஊஞ்சலைத்தான் பார்த்திருப்பார்கள். இப்போது செடிகளின் இலையைத் திருப்பித் திருப்பி முட்டை தேடினார்கள். வெயில் ஏறிய காலை நேரத்தில் போங்கள், மப்பு நாளில் பட்டாம்பூச்சிகள் அடங்கிக் கிடக்கும். கிலுகிலுப்பைச் செடி இருந்தால் அங்கே நில்லுங்கள், வரியன் வகைப் பூச்சிகள் கூட்டமாக வந்து ஒட்டும். காய்ந்த காயை ஆட்டிச் சத்தம் கேட்கவும் மறக்காதீர்கள். எருக்கில் இருக்கும் வெந்தய வரியனின் கூடு பெல்ட் கட்டாமல் தலைகீழாகத் தொங்கும். வீட்டில் பார்த்ததோடு அதைப் பிள்ளைகளே ஒப்பிடட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன் என்று 2019-இல் அறிவித்தார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கத்துக்காரர். பெரியவள் அதையும் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறாள்.

பிறகு சேர்த்தவை

அடுக்குமாடியில் இருக்கும் ஒருவர், நர்சரியில் வாங்கிய கறிவேப்பிலைத் தொட்டியில் புழு செத்துவிட்டது என்று எழுதியிருந்தார். நர்சரிச் செடியிலும் மருந்து அடித்திருக்கலாம். பழைய இலையைக் கழித்துவிட்டு, வீட்டில் வந்த புதுத் துளிரை மட்டும் கொடுங்கள்.

பெட்டிக்கு எறும்பு வருகிறது என்று மூன்று பேர் கேட்டார்கள். பெட்டியை ஒரு கிண்ணத்தின்மேல் வைத்து, அந்தக் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வையுங்கள். சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதுதான்.

கூட்டில் சின்ன ஓட்டை விழுந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் குட்டிக் குட்டி ஈக்கள் வந்தன என்று இன்னொருவர் வருத்தப்பட்டிருந்தார். அவை ஈ இல்லை, ஒட்டுண்ணிக் குளவிகள். புழு கூடாக மாறும் வேளையில் உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். உங்கள் தப்பு எதுவுமில்லை, வலையில் இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எங்களுக்கும் போன மாதம் அப்படி ஒரு கூடு வந்தது. பிள்ளைகள் அழுவார்கள் என்று நினைத்தேன். பெரியவள் லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து 62 வரை எண்ணினாள். பட்டாம்பூச்சிக்காக ஒதுக்கி வைத்திருந்த பக்கத்தில் 62 புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு சிறகு வரைந்தாள். அது முடிய ராத்திரியாகிவிட்டது.