டிவியைக் கணினித் திரையாக்கும்போது செய்யும் தவறுகள்

படம் ஓடும்போது பளிச்சென்று இருக்கும் டிவியில் எக்செல்லைத் திறந்தால் எழுத்து மங்கும், கண் எரியும். வருகிற காட்சியைத் தன் பங்குக்கு மெருகேற்றிக் காட்டுவது டிவியின் பழக்கம். கணினிக்கு வேண்டியதோ, அனுப்பியதை அப்படியே காட்டும் திரை.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. 32 அங்குல 'ஹெச்டி ரெடி' டிவியின் பேனலில் பெரும்பாலும் 1366×768 புள்ளிகள்தான் இருக்கும். 1080பி சிக்னலை அது ஏற்றுக்கொள்ளும்; ஆனால் சுருக்கித்தான் காட்டும். விண்டோஸ் செட்டிங்ஸில் 1920×1080 என்று தெரிவதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதே எழுத்தின் கூர்மை; இந்த 32 அங்குல டிவியில் அது சுமார் 49. சாதாரண 24 அங்குல ஃபுல் ஹெச்டி மானிட்டரிலேயே 92. மேசைக்கு ஏற்றது 43 அங்குல 4கே (3840×2160 புள்ளிகள்), அதில் 102. 55 அங்குலம் என்றால் 80 ஆகக் குறைவதோடு, மூலையிலுள்ள கடிகாரத்தைப் பார்க்கவும் கழுத்தைத் திருப்ப வேண்டும்.

நல்ல 4கே டிவியிலும் எழுத்து மங்கினால், கறுப்புப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்துகளை வைத்துப் பாருங்கள். ஓரங்கள் கரைந்து தெரிந்தால், நிறத் தகவல் வழியில் குறைக்கப்படுகிறது என்று பொருள். 4:2:0 என்ற சுருக்கும் முறையில் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவல்தான். சினிமாவில் இது தெரியாது, எழுத்தில் உடனே தெரியும். கிராஃபிக்ஸ் செட்டிங்கில், நிறத்தைக் குறைக்காமல் அனுப்பும் ஆர்ஜிபி அல்லது 4:4:4 தேர்ந்தெடுங்கள்; பிறகு டிவியின் இன்புட் பட்டியலில் அந்த ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கு 'பிசி' என்று பெயரிடுங்கள். வெறும் பெயர்தானே என்று விட்டுவிடாதீர்கள். சாம்சங், எல்ஜி டிவிகளில் அந்தப் பெயர்தான் டிவி நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றுகிறது. சில மலிவு டிவிகளில் என்ன செய்தாலும் 4:4:4 வராது. வாங்கும் முன்பே இந்தச் சிவப்பு எழுத்துச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தால் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை (ஹெர்ட்ஸ்) படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ 1.4 வழியே 4கே 30 ஹெர்ட்ஸில்தான் வரும். 60 ஹெர்ட்ஸுக்குக் கணினி, டிவி இரண்டிலும் 2.0 போர்ட்டும், 18 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 18 கிகாபிட்) தாங்கும் கேபிளும் வேண்டும். எல்லாம் இருந்தும் 30-லேயே நின்றால், டிவி மெனுவில் அந்தப் போர்ட்டின் 'டீப் கலர்' அல்லது 'என்ஹான்ஸ்டு' அமைப்பு அணைந்திருக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிளை அதில் செருகாமல் மதர்போர்டில் செருகுவதும் அடிக்கடி நடக்கிற கூத்து.

டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டால் அது ஓவர்ஸ்கேன்: டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகிறது. கணினியின் கிராஃபிக்ஸ் டிரைவரில் படத்தைச் சுருக்கிச் சமாளிக்காதீர்கள், எழுத்து மறுபடி மங்கும். டிவியிலேயே சரிசெய்யுங்கள்: எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்'.

கறுப்பு சாம்பலாக வெளுத்தாலோ, இருட்டுப் பகுதிகள் ஒரே மையாக அப்பிக்கொண்டாலோ, கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான எண் அளவு கணினி, டிவி இரண்டில் ஒரு பக்கம் 0–255, மறுபக்கம் 16–235 என்று இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்குங்கள். ஷார்ப்னெஸைக் கூட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும், குறையுங்கள். தட்டச்சு செய்த எழுத்து தாமதமாக வந்தால், மெருகேற்றும் வேலையைக் குறைக்கும் கேம் மோடை டிவியில் போடுங்கள்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி டிவியில் டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வையுங்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் பட்டை, மாதங்கள் போகப் போகப் பேனலில் தடமாகப் பதியக்கூடும். கணினி உறங்கினால் டிவியும் மானிட்டர் போலத் தானாக அணையும் என்று நம்பிவிடாதீர்கள். பல டிவிகள் 'சிக்னல் இல்லை' என்று காட்டியபடி எரிந்துகொண்டிருக்கும், ரிமோட்டால்தான் அணைக்க வேண்டும்.