கம்ப்யூட்டர் முன்னால் கண் எரிந்தால் முதலில் ஃபேனைத் திருப்புங்கள்

தருமபுரி வெயிலில் இ-சேவை மையத்திலோ டிடிபி கடையிலோ நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவர்களுக்கு, சாயங்காலம் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தும். சிலருக்குக் கண்ணீர் வழியும். அதுவும் கண் வறட்சியின் அறிகுறிதான்; காய்ந்த கண் எரிச்சலில் விடும் நீர் அது.

டேபிள் ஃபேன் முகத்துக்கு நேராக இருந்தால் கால் பக்கம் திருப்புங்கள். ஓசூரில் ஏசி அறையில் இருப்பவர்கள் காற்று முகத்தில் படாத இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

அடுத்தது மானிட்டர். சிபியு மேல் தூக்கி வைத்திருந்தால் இறக்குங்கள். அண்ணாந்து பார்க்கும்போது கண் அகலத் திறந்து, சீக்கிரம் காயும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 50 முதல் 70 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும்.

இதைவிட முக்கியம் இமைப்பது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறையாவது இமைக்கும் கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைப்பதும் அரைகுறை. இமை ஓரச் சுரப்பிகளிலிருந்து வரும் எண்ணெய் கண்ணீர் மேல் படர்ந்தால்தான் அது ஆவியாகாமல் நிற்கும். இமை முழுக்க மூடாவிட்டால் எண்ணெய் பரவாது. ஆகவே ஓடிபி வரக் காத்திருக்கும் நேரத்தில் கண்ணை மெதுவாக மூடி, இரண்டு நொடி வைத்துத் திறங்கள். இப்படிப் பத்து முறை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால், எதிர்க் கடைப் பலகையை 20 நொடி பாருங்கள்.

காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய கண்மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். துணி சீக்கிரம் ஆறிவிடும். திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். நீலஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குக் காசு செலவழிப்பது வீண்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் 0.5% கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் என்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு போதும். இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். குப்பி முனை இமையில் படக்கூடாது. ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள் (பிரிசர்வேட்டிவ்) இல்லாத வகையைக் கேளுங்கள். திறந்த குப்பியை, லேபிளில் வேறு கெடு போட்டிருந்தாலொழிய, ஒரு மாதத்தில் எறிந்துவிடுங்கள்.

சிவப்பைப் போக்கும் சொட்டு வேண்டாம். போடுவதை நிறுத்தியதும் கண் முன்னைவிடச் சிவக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு அதைவிட மோசம், கண் அழுத்தத்தை ஏற்றிவிடலாம். வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், இமைத்த பிறகும் தெளியாத மங்கல் இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.