கெட்டி ஆயிலை நம்பிக் கெட்ட எஞ்சின்கள்

குன்னூரில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய கார்களை ஆசையோடு வாங்கிவரும் இளைஞர்களும், என்னிடம் வேலை கற்க வரும் பையன்களும் ஆயில் பிரஷர், அதாவது எஞ்சினுக்குள் பம்ப் ஆயிலைத் தள்ளும் அழுத்தம், இந்த விஷயத்தில் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். எங்கள் தலைமுறை செய்து சலித்தவைதான். டிப் ஸ்டிக்கைப் பாருங்கள், ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் பழைய கார் வாங்கவே வேண்டாம்.

அளக்காமல் முடிவெடுப்பது

பெரும்பாலான கார்களில் பிரஷர் சுமார் 5 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கினால்தான் டாஷ்போர்டில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரியவில்லை என்பதால் எஞ்சின் நலமாக இருக்கிறது என்று பொருளல்ல. அந்த விளக்கை எரியவைக்கும் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷரை அளக்கும் கேஜைப் பொருத்தி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு அளக்க வேண்டும். 1,000 ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு 1,000 சுற்று) 10 பி.எஸ்.ஐ. என்பது பட்டறைக் கணக்கு. அந்தந்த எஞ்சினின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. சூடான ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது, மட்டும் குறைந்தால் பேரிங் தேய்மானத்தைச் சந்தேகியுங்கள். வேகம் கூட்டும்போது குறைந்தால் எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள், பம்ப் ஆயிலை உறிஞ்சும் வழியில் இருக்கும் சல்லடையைப் பாருங்கள்.

கெட்டி ஆயில் ஊற்றுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கைத் தாங்கும் பேரிங் தேயும்போது இரண்டுக்கும் நடுவே இடைவெளி அகலமாகிறது. ஆயில் அதன் வழியே எளிதாக வெளியேறிவிடுகிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஏறும், உண்மைதான். ஓட்டைக் குடத்தில் தண்ணீருக்குப் பதிலாகப் பாகை ஊற்றினாலும் மெதுவாகத்தான் ஒழுகும், ஓட்டை அடைபடுமா?

எங்கள் ஊர்க் குளிர் வேறு இந்தப் பொய்க்குத் துணைபோகிறது. ஜனவரியில் உறைபனி விழும் காலையில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில், எஞ்சினின் மேலே உள்ள கேம் ஷாஃப்ட் வரை ஏறவே நேரம் எடுக்கும். ஃபில்டரைச் சுற்றி வழிவிடும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே உள்ளே போகும். கேஜோ பிரமாதமான எண்ணைக் காட்டும்.

கோத்தகிரித் தம்பி ஒருவர் உதகையில் பழைய மாருதி 800 ஒன்றை இப்படித்தான் வாங்கினார். விற்றவர் கெட்டி ஆயிலோடு, அதை மேலும் கெட்டியாக்கும் மருந்து ஒரு பாட்டிலும் ஊற்றியிருந்தார். காலை ஓட்டத்தில் சத்தமே இல்லை. திருமணம் ஒன்றுக்காகக் கோவைக்குப் போன இடத்தில், வெயிலில், சிக்னலில் நின்றபோது விளக்கு மினுக்கியது. அங்கே ஒருவர் சுவிட்சை மாற்றினார். இன்னொருவர் இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்றச் சொன்னார்; ஊற்றினார்கள். திரும்பும்போது கல்லாறு தாண்டி ஏறுகையில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க விளக்கு எரிந்தது. குன்னூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவருக்கு பர்லியார் அருகே அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

சம்ப்பைக் கழற்றினேன். சல்லடை பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது: கறுப்புக் கசடும், முன்பு யாரோ தாராளமாகப் பூசிய சிலிகான் கேஸ்கட்டின் துணுக்குகளும். அந்தச் சல்லடை வழியாகக் கெட்டி ஆயிலை பம்ப் எப்படி உறிஞ்சும்? பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது, கிராங்கில் கீறல். தொடக்கத்திலேயே சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தால் ஒரு பிற்பகல் வேலை. இப்போது கிராங்கைக் கடைசல் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

கையேடு அனுமதிக்கும் அடுத்த கிரேடுக்கு, அளந்து பார்த்துவிட்டு, மாறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அளக்காமல் ஊற்றுவதைத்தான் சொல்கிறேன்.

பழைய எஞ்சினுக்கு ஃப்ளஷ்

உள்ளிருக்கும் கசடைக் கழுவும் அந்தத் திரவம் வேண்டாம். பெயர்ந்த கசடு நேரே சல்லடைக்குத்தான் வரும்.

ஏற்றத்தில் கியர் குறைக்கச் சோம்பல்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது கியரில் திணறத் திணற ஏறினால் பம்ப் மெதுவாகச் சுற்றும், பேரிங்கின் மேல் சுமையோ உச்சத்தில் இருக்கும். இரண்டாவதற்கு இறக்குங்கள். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகட்டும்.

சுவிட்சின் வயரைக் கழற்றிவிடுவது

இப்படிச் செய்தவரின் காரை நான் தொடுவதில்லை.

விளக்கு எரிய எரிய ஓட்டுவது

எஞ்சினை அங்கேயே நிறுத்துங்கள்.

குளிரில் பார்த்து வாங்குவது

உதகையில் பத்து நிமிட ஓட்டம் எதையும் காட்டாது. மேட்டுப்பாளையம் வரை இறக்கி, மீண்டும் ஏற்றி, சூட்டோடு ஐடிலில் விட்டுப் பாருங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் விலை பேச வேண்டாம்.