நெட்வொர்க்கிங் நிகழ்ச்சியைப் படமெடுப்பது எப்படி?

தொழில்முறை நெட்வொர்க்கிங் நிகழ்ச்சியில் கேமராவைத் தூக்கியதும் பேசுபவரைவிடக் கேட்பவரின் முகத்தைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேசுபவரின் வாய் கோணியும் கண் பாதி மூடியும் இருக்கும் கணங்களே அதிகம். கேட்பவரோ புருவத்தை உயர்த்துகிறார், தலையைச் சற்றுச் சாய்க்கிறார், சிரிக்கிறார். இருவருக்கிடையே ஒரு பேச்சு உண்மையாகவே நடந்தது என்பதை அந்த முகமே சொல்லிவிடுகிறது. அமைப்பாளர் அடுத்த நிகழ்ச்சிக்கு ஆட்களை அழைக்கும்போது காட்ட விரும்புவதும் அதைத்தான்.

படங்கள் இணையதளத்துக்கா, ஆண்டறிக்கைக்கா, அன்றிரவே லிங்க்ட்இனில் போடுவதற்கா, யார் யார் கட்டாயம் இடம்பெற வேண்டும், எந்த ஸ்பான்சரின் பேனர் பின்னணியில் தெரிய வேண்டும் என்பனவற்றை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இவற்றைவிட முக்கியமானது ஒப்புதல். வேலை மாறும் எண்ணத்தில் வந்திருக்கும் ஒருவர், தாம் அங்கிருந்தது தம் அலுவலகத்துக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பதில் தவறேதும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்னும் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஆளை அடையாளம் காட்டும் புகைப்படமும் தனிநபர் தரவாகக் கருதப்படலாம். அத்தகைய சட்டம் இல்லாத இடத்திலும், பதிவுப் படிவத்தில் ஒரு வரி, நுழைவாயிலில் ஓர் அறிவிப்பு, படம் வேண்டாதவர்களுக்கு வேறு நிறத்தில் பேட்ஜ் பட்டை ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யும்படி அமைப்பாளரைக் கேட்பது நல்லது. யாராவது கையசைத்து மறுத்தால் அந்தக் கணமே கேமராவைத் தாழ்த்திவிட வேண்டும். எடுத்த படம் இருந்தால் அவர் கண்ணெதிரே அழித்துவிடவும் வேண்டும்.

இந்த வேலையில் பெரும்பாடு வெளிச்சத்தோடுதான். விடுதி அரங்குகளில் வெளிச்சம் குறைவாக இருக்கும். அதுவும் தலைக்கு மேலிருந்து நேர்க்கீழே விழுவதால் கண்குழிகள் கறுத்துப்போகும். கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால், ஃபிளாஷின் தலையை மேல்நோக்கிச் சற்றுப் பின்புறமாகத் திருப்பி, கூரையில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பயன்படுத்தலாம். முகங்களில் மென்மையான வெளிச்சம் பரவும். கூரை கறுப்பாகவோ மிக உயரமாகவோ இருந்தால் ஒளி திரும்பி வராது. மரக்கூரையானால் மஞ்சள் ஏறி வரும். அப்போது பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபிளாஷை விட்டுவிட்டு கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 அல்லது 6400 வரை உயர்த்துங்கள். அதனால் படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான நாய்ஸைப் பிறகு மென்பொருளில் குறைத்துவிடலாம். நேராக முகத்தில் அடித்த ஃபிளாஷின் தட்டையான வெண்மையை எதுவும் சரிசெய்யாது. மஞ்சள் விளக்குகளின் நிறவெப்பம் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) சுமார் 3200 கெல்வின், ஃபிளாஷினுடையது சுமார் 5500 கெல்வின் என்பதால், ஃபிளாஷின் மேல் ஆரஞ்சு ஜெல் தாளை (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒட்டினால்தான் முகமும் பின்னணியும் ஒரே நிறத்தில் அமையும். எப்படியானாலும் பிறகு நிறத்தைத் திருத்த இடம் தரும் ரா கோப்பாகவே (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள்.

எல்இடி விளக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் நாடுகளில் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல், கேமராவின் சைலண்ட் ஷட்டரில் (ஓசையின்றி இயங்கும் மின்னணு ஷட்டர்) படத்தின் குறுக்கே கருங்கோடுகளாக விழுகிறது. ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/125 பொருத்தமாக இருக்கும். நின்று பேசுபவர்களுக்கு இந்த வேகமே போதும். ஆட்கள் வருவதற்கு முன்பே, விளக்குகளை எரியவிட்டு நாலைந்து படங்கள் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

லென்ஸில் 24-70 மி.மீ. எஃப்/2.8 (எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு; எண் குறைந்தால் துளை பெரிது) ஒன்றே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். தொலைவிலிருந்து கவனத்தைக் கலைக்காமல் எடுக்க 85 மி.மீ. அல்லது 70-200 உதவும். ஆனால் இருவர் வெவ்வேறு தூரத்தில் நிற்கும்போது எஃப்/2.8-இல் ஒரு முகம் மங்கிவிடும். எஃப்/4-க்குப் போவது பாதுகாப்பு.

பேசிக்கொண்டிருக்கும் குழுவின் முன்னால் போய் நிற்காதீர்கள். ஒருவரின் தோளுக்குப் பின்னால், எதிரில் இருப்பவரின் முகம் தெரியும் கோணத்தில் நின்று, கேமராவைக் கண்ணருகே வைத்துக் காத்திருங்கள். கேமராவைக் கண்டதும் விறைத்துப்போகிறவர்கள் சற்று நேரத்தில் அதை மறந்து பேச்சுக்குத் திரும்புவார்கள். கைகுலுக்கும் கணத்தைத் துரத்துவதைவிட அதற்கு அடுத்த கணத்துக்குக் காத்திருப்பதே பலன் தரும். கை விலகுகிறது, ஒருவர் விசிட்டிங் கார்டை நீட்டுகிறார், மற்றவர் அதைக் குனிந்து படித்துவிட்டு ஏதோ நினைவுக்கு வந்தவராய் நிமிர்கிறார். அந்த நிமிர்வில் ஷட்டரை அழுத்துங்கள். உணவை வாயில் வைக்கும்போது மட்டும் யாரையும் எடுக்காதீர்கள். ஆகவே உணவு தொடங்குவதற்கு முன்பே முகங்களை முடித்துவிடுவது நல்லது.

நிறுத்திவைத்து எடுக்கும் குழுப்படங்களையும் பலர் விரும்பிக் கேட்பார்கள். பின்பக்கமாகத் திரும்பிக் கிடக்கும் பேட்ஜ், கையில் இருக்கும் கோப்பை, தோளில் தொங்கும் பை ஆகியவற்றைக் கவனித்து மென்மையாகச் சொல்லித் திருத்துங்கள். கண் மூடியவர் யாராவது இருக்கக்கூடும் என்பதால் குறைந்தது மூன்று படங்களாவது எடுங்கள்.

அரங்கம் நிறைந்து தெரியும் அகலப்படத்தைக் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போதே, படிக்கட்டு அல்லது நாற்காலி மேல் ஏறி, எடுத்துவிட வேண்டும். ஆட்கள் கலையத் தொடங்கியபின் அது கிடைக்காது. இரண்டு மெமரி கார்டு இடமுள்ள கேமராவானால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவே பத்துப் பன்னிரண்டு நல்ல படங்களைத் தேர்ந்து அமைப்பாளருக்கு அனுப்பிவிட்டால், நிகழ்ச்சி பேசப்படும்போதே அவை பயன்படும். மீதியை ஓரிரு நாளில் கொடுக்கலாம்; அப்போது பேட்ஜில் தெரியும் பெயர்களைக் கோப்பின் விளக்கக் குறிப்பில் சேர்த்துக் கொடுத்தால், அமைப்பாளர் ஒவ்வொரு முகமாக விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.