சபையில் எச்.ஐ.வி. பணி தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் நாள், திருவருகைக் காலத்தின் தொடக்கத்தையொட்டி வருவதால், காவிரி டெல்டாவின் சபைகளில் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு வாலிபர் சங்கமோ பெண்கள் ஐக்கிய சங்கமோ விழிப்புணர்வுப் பணியை ஆர்வத்தோடு தொடங்குகிறது. எங்கள் தலைமுறை இடறிய இடங்களிலேயே இவர்களும் இடறுகிறார்கள். தொட்டால் தொற்றாது, கொசுவால் பரவாது என்பவற்றைப் பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள் என்பதால், நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஜெபக்குறிப்பில் வெளியாகும் இரகசியம்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், "திருப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியிருக்கிற நம் சகோதரனின் கொடிய வியாதிக்காக மன்றாடுவோம்" என்று ஒரு மூப்பர் உருக்கமாக ஜெபித்தார். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெருவுக்குத் திருப்பூரிலிருந்து திரும்பியவர் ஒரே ஒருவர்தான். ஆமென் சொல்லி முடிப்பதற்குள், பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் அனைவரும் அவருடைய தாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு நடந்தவை ஊரறிந்தவை. குறுவை நடவுக்கு ஆள் அழைக்க வந்தவர் அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போனார். தங்கைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் கலைந்தது. அந்த இளைஞரோ, தஞ்சாவூரில் மருந்து வாங்கினால் ஊர்க்காரர் கண்ணில் படுவோம் என்று அஞ்சி மதுரைக்கு மாற்றிக்கொண்டு, பேருந்துச் செலவுக்கு வழியில்லாத மாதங்களில் மருந்தையே விட்டார். எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகும்; விட்டுவிட்டு உண்டால் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகலாம். அவருக்குக் காசநோய் வந்து சேர்ந்தது. அந்த மூப்பரிடம் பேசியபோது, "நான் பெயரைச் சொன்னேனா?" என்றுதான் கேட்டார். இன்றைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு எரிச்சல் தாங்குவதில்லை.

நம்பிச் சொல்லப்பட்ட ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை, அவருடைய தெளிந்த சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஜெபம் என்பதற்காக அதில் விலக்கு எதுவும் இல்லை. போதகரிடம் ஒருவர் சொன்னது போதகரோடு நிற்க வேண்டும். போதகரின் மனைவிக்கோ உபதேசியாருக்கோ தெரிய வேண்டுமானால், சொன்னவரிடம் முதலில் கேட்க வேண்டும். பொதுவில் ஜெபிக்கும்போது, நோயுற்றோர் அனைவருக்காகவும் என்று ஜெபித்தால் போதும். யாரென்று கடவுளுக்கு அடையாளம் காட்டத் தேவையில்லை.

இதே கசிவு உதவிப் பதிவேட்டிலும் நடக்கிறது. ஒரு சபையின் நோட்டில் பெயர், அரிசி எத்தனை கிலோ, கையொப்பம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் "காரணம்" என்றொரு கட்டம் இருந்தது, அதில் சிவப்பு மையில் "எச்.ஐ.வி." என்று எழுதி, கணக்குத் தணிக்கைக்காக மேசைமேல் திறந்தே வைத்திருந்தார்கள். அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, ஏழ்மை நிமித்தம் என்ற ஒரே தலைப்பில் எல்லோருக்கும் வழங்குங்கள்.

சுகமளிக்கும் கூட்டத்துக்குப் பின் மருந்தை நிறுத்தச் சொல்வது

மருந்தை ஒழுங்காக உண்பவருடைய இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைகிறது. அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியாக அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றாது. வைரஸ் கண்டறியப்படவில்லை என்ற பரிசோதனை அறிக்கையை மேடையில் சாட்சியாகக் காட்டி, நோய் போய்விட்டது என்று அறிவிப்பவர்கள் இருக்கிறார்கள். வைரஸ் போகவில்லை, உடலுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. 1986-இல் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோதுதான் இந்தத் தொற்று நம் நாட்டிலும் இருப்பது தெரியவந்தது. ஆய்வுக்கூடமும் திருச்சபையும் அன்றே ஒரே வளாகத்தில் இருந்தவை என்பதை அந்தச் சாட்சி மேடைக்காரர்களுக்கு யாராவது நினைவூட்டலாம். 2004 முதல் அரசு இலவசமாகத் தரும் மருந்து இது. சந்திக்கும்போதெல்லாம், தனியாக இருக்கும் நேரம் பார்த்து, "இந்த மாத மாத்திரை வாங்கியாயிற்றா?" என்று கேட்கிற போதகரே உண்மையில் உதவுகிறவர்.

ஆலயத்தில் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கும் முன் எச்.ஐ.வி. பரிசோதனைச் சான்று கேட்பது

சம்மதமின்றிப் பரிசோதிப்பதும் மேலே சொன்ன 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறு. மேலும், தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனை எதையும் காட்டாமல் போகலாம். மணமக்கள் இருவருக்கும் ஆலோசனை கொடுத்து, அவர்களாகவே அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்துக்குச் செல்லும்படி ஊக்குவிக்கலாம். முடிவுத்தாள் ஆலய அலுவலகத்துக்கு வரவே கூடாது.

திருவிருந்தில் தனிக் கிண்ணம்

உமிழ்நீரால் பரவாது, தனிக் கிண்ணம் வேண்டாம்.

பாவத்தின் சம்பளம் என்று பிரசங்கிப்பது

கணவரிடமிருந்து தொற்றைப் பெற்ற மனைவியும், தாயிடமிருந்து பெற்ற பிள்ளையும் அதே ஆராதனையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தொலைபேசி எண்ணை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுவது

தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கட்டணம் இல்லை. அதைப் பெரிய எழுத்தில் ஆலய வாசலில் ஒட்டுகிறார்கள். நூறு பேர் பார்க்க அதைக் குறித்துக்கொள்ள யார் துணிவார்? கழிப்பறைக் கதவின் உட்புறத்தில், உட்கார்ந்தால் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுங்கள். ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி இரண்டிலும்.