ஆறிலும் எழுபதிலும் சுவடு வைப்பது எப்படி

என்னிடம் வெறுங்கைச் சண்டைக் கலையான அடிமுறையும் சிலம்பமும் படிக்க வருபவர்கள் எடுத்த எடுப்பிலேயே, "டீச்சர், வர்மம் எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்பார்கள். வர்மம் என்றால் உடலில் அடிபடக் கூடாத உயிர்ப்புள்ளிகளைப் பற்றிய வித்தை. குமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. இங்கே பல வீடுகளில் வர்மம் தெரிந்த தாத்தா ஒருவரின் கதை இருக்கிறது. ஒற்றை விரலால் காளையைச் சாய்த்தாராம். காளையின் தரப்பை யாரும் விசாரிக்கவில்லை. அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்ற தொடுவர்மம் 96, ஆக 108 என்பது மரபுக் கணக்கு. ஆசான்மார் அந்தப் பாடத்தை ஆளை அறிந்து, கடைசியாகத்தான் கொடுப்பார்கள். வீடியோ பார்த்து நண்பன் கழுத்தில் அமுக்கிப் பார்ப்பவர்களை நான் முற்றத்தில் ஏற்றுவதில்லை.

தொடங்க வேண்டிய இடம் பாதம். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஆறு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் ஒரே சுவட்டை, அதாவது காலடி வைக்கும் முறையைத்தான் சொல்லித் தருகிறேன். ஆளுக்கு ஆள் மாறுவது மூன்று: எவ்வளவு தாழ்ந்து நிற்பது, எவ்வளவு வேகம், கம்பு எவ்வளவு நீளம்.

செய்முறை இது. தரையில் கரித்துண்டால் பெரிய கூட்டல் குறி ஒன்று வரைந்து நடுவில் நில்லுங்கள். கால்கள் தோளகலம் விரிந்திருக்கட்டும். இடது காலை முன்கோட்டில் ஓர் அடி எடுத்து வைத்து முழங்காலை மடக்குங்கள். முழங்கால் உங்கள் கால்விரல் காட்டும் திசையிலேயே போக வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஆறு மாதம் கழித்து மாடிப்படி ஏறும்போது தெரியும். காலை வைக்கும்போது மூச்சை விடுங்கள், நடுவுக்குத் திரும்பும்போது இழுங்கள். பிறகு வலது பக்கம் திரும்பி அதே அடி, அப்புறம் பின்னால், அப்புறம் இடது பக்கம். நான்கு திசையும் முடிந்ததும் வலது காலால் மறுபடி. கையில் கம்பு வேண்டாம். இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் காவலாக நிற்கட்டும். இது தடுமாறாமல் வந்த பிறகுதான் கம்பு.

கம்பு வாங்கும்போது பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். நிமிர்ந்து நின்றால் நெடுங்கம்பு புருவ உயரம் வர வேண்டும். வளரும் பிள்ளை என்று சட்டை வாங்குவதுபோல ஒரு சாண் கூட்டி வாங்கும் தகப்பன்மார் உண்டு; அந்தக் கம்பு பிள்ளையின் மணிக்கட்டை வாங்கிவிடும். பிரம்பு இலேசானது, பிள்ளைகளுக்கு நல்லது. மூங்கிலானால் கணுக்களை நன்றாகத் தேய்த்துச் சிம்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து வயதுக்குள் எல்லாம் விளையாட்டாகவே போகட்டும். ஐந்து முதல் பதினேழு வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடலை நன்றாக அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. அதில் தொட்டுப் பிடிப்பதும், தோட்டத்தில் ஓடுவதும் சேர்த்திதான். பதினொன்று, பன்னிரண்டில் தொடங்கி உடல் திடீரென்று வளரும்போது சில பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பு மேடாக இருக்கும் இடத்தில் வலி வரும். குதிப்பதையும் தாழ்ந்து நிற்பதையும் குறைத்து, கைப்பாடங்களைக் கூட்டுங்கள். வலி தங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் தேய்த்து அனுப்பினால் போதாது. பெண் பிள்ளைகளின் மாதவிலக்கு நாட்களில் வருவதும் இருப்பதும் அவர்கள் விருப்பம். அம்மாவோ ஆசானோ முடிவு செய்ய வேண்டியதில்லை.

சான்றிதழுக்காகவே வருபவர்களும் இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதிலிருந்து இவர்கள் கூடியிருக்கிறார்கள். வரட்டும். ஆனால் தலைக்கவசம் இல்லாமல் எதிர்க்கம்பு பிடிக்க விட மாட்டேன்.

முப்பது முதல் ஐம்பது வயதுக்காரர்கள்தான் எனக்குப் பெரிய தலைவலி. பள்ளிக்கூடத்தில் செய்ததை உடம்பு மறந்திருக்கும், மனம் மறந்திருக்காது. முதல் நாளே தரையோடு தரையாக அமர்ந்து காட்டுவார்கள். மறுநாள் வர மாட்டார்கள். இந்த வயதில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். மிதமானது எது என்று அறியக் கருவி தேவையில்லை: சுவடு வைத்துக்கொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முதல் மாதம் பாதித் தாழ்வு போதும். குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்கள் வருவார்கள். விடியுமுன்னே எழுந்து மரம் மரமாக நடப்பதால் அவர்களுக்குக் கால் வலு ஏற்கெனவே உண்டு. ஒரே வாக்கில் வளைந்து வெட்டுவதால் முதுகும் ஒரு பக்கத் தோளும்தான் இறுகியிருக்கும். அவர்களுக்கு நான் கொடுப்பது மறுகையால் கம்பு சுற்றுவதும், மார்பை விரிக்கும் நீட்டலும். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களுக்கு இதற்கு நேர் எதிர், முதலில் இடுப்பையும் காலையும் எழுப்ப வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் ஒரு விஷயத்தில் மரபோடு சண்டை போடுகிறேன். பயிற்சிக் களமான களரியில் வெறுங்கால்தான் வழக்கம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு அந்த வழக்கம் வேண்டாம். ஒரு சரளைக்கல் குத்தியது தெரியாமல் புண்ணாகி, விரலையே எடுக்க வேண்டியதாகலாம். மென்மையான காலணி போட்டுக்கொண்டு வாருங்கள், ஆசான் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் வராதீர்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே நிறுத்திச் சர்க்கரையோ குளுக்கோசோ வாயில் போடுங்கள். அதற்காகப் பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்து நிற்கவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் எதிராளியுடன் அடிப்பாடம் செய்ய வேண்டாம்.

அறுபது தாண்டியவர்கள் கும்பிட்டுக் கேட்டாலும் நான் முதலில் கம்பு கொடுப்பதில்லை, சுவரைக் கொடுக்கிறேன். சுவரில் விரல் நுனி தொட்டபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். பத்து எண்ணும்வரை ஆடாமல் நிற்க வந்தால் விரலை எடுங்கள். பிறகு குதிகாலும் விரலும் தொடும்படி ஒரே கோட்டில் நடங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். இந்த வயதில் எதிரி என்று ஒருவன் இருந்தால் அவன் குளியலறை வழுக்கல்தான். வாரத்தில் மூன்று நாள் சமநிலைப் பயிற்சி செய்தால் விழும் அபாயம் குறையும். அதன்பின் சுவடு, தாழ்வு கொஞ்சம், வேகம் அதைவிடக் கொஞ்சம்.

நிற்க முடியாதவர்களுக்கு முச்சாண் இருக்கிறது. மூன்று சாண், அதாவது ஏறக்குறைய 27 அங்குலம் நீளமுள்ள குறுங்கம்பு. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியிலோ சக்கர நாற்காலியின் தடையைப் போட்டுவிட்டோ அமர்ந்து, தலைக்கு மேல் தடுப்பு, இடம் வலம் வெட்டு, நெஞ்சுக்கு நேர் குத்து என்று செய்தால் தோளும் வயிறும் நன்றாக வேலை செய்யும். பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தவர் இயன்முறை மருத்துவர் சம்மதித்தால் இரண்டு கையாலும் கம்பின் இரு முனையைப் பிடித்து, நல்ல கை தளர்ந்த கையை வழிநடத்தும்படி மெல்ல உயர்த்தலாம். பார்வை இல்லாதவருக்குக் கரிக்கோட்டுக்குப் பதில் கயிற்றைத் தரையில் ஒட்டிவிடுங்கள், பாதமே திசை கண்டுபிடிக்கும். காது கேளாதவருக்கு வாய்த்தாரி, அதாவது ஆசான் வாயால் சொல்லும் கட்டளை, பயன்படாது. ஆசான் எதிரே நின்று கையால் காட்ட வேண்டும், முதுகைக் காட்டிக்கொண்டு கத்தக் கூடாது.

நெஞ்சை அழுத்தினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ ஏறினாலோ, தலை சுற்றி வியர்த்தாலோ பயிற்சி அத்தோடு சரி. வர்மத்திலும் 108, ஆம்புலன்சுக்கும் 108. அந்த நேரத்தில் இரண்டாவதைக் கூப்பிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். காலையில் வருபவர்களுக்கு ஒரு மட்டி வாழைப்பழம் போதும்.

ஆசானைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் வாங்கிய கோப்பைகளை எண்ணாதீர்கள். சேரும் நாளில் உங்கள் நோய், மாத்திரை, பழைய எலும்பு முறிவு பற்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க இடம் கொடுக்காதவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி ஆடிச் சாரலில் செம்மண் முற்றம் வழுக்கும், சிமெண்ட் தளத்தில் பாசி பிடிக்கும். அந்த நாட்களில் திண்ணைக்கு மாறிக்கொள்ளுங்கள். நெடுங்கம்பை மூலையில் சாய்த்துவிட்டு முச்சாணை எடுங்கள். அதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள்; என் திண்ணை விசிறியில் இப்போது இரண்டு இறக்கைதான் இருக்கிறது.