முன்பணம் கட்டுமுன் ஒரு பிரதி வாங்குங்கள்

காசு வாங்கிப் புத்தகம் போடும் பதிப்பகத்துக்கு முன்பணம் கட்டுமுன், அவர்கள் போட்ட வேறொரு புதியவரின் புத்தகத்தை வெளிக் கடையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். வருமானம் எழுதுபவரிடமிருந்தே வந்துவிடுவதால், அவர்களுக்கு விற்றே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை; ‘எல்லாக் கடையிலும் கிடைக்கும்’ என்றால் பெரும்பாலும் கடைகளின் பட்டியலில் புத்தகத்தின் பெயர் இருக்கும், அவ்வளவுதான். பிரதி வந்ததும் நடுவில் விரியுங்கள். பசை விடுகிறதா, உள்ளோரம் எழுத்தை விழுங்குகிறதா, முதல் 10 பக்கத்தில் எத்தனை எழுத்துப்பிழை? ‘மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்துவது) நாங்களே பார்ப்போம்’ என்ற பேச்சின் லட்சணம் அங்கேயே தெரிந்துவிடும். ஆர்டர் வந்த பிறகே அச்சிடுபவர்கள் என்றால் சில நாள் தாமதமாகும், அதைக் குறையாக எடுக்க வேண்டாம். சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க 50 பிரதி போதும் என்பவருக்கு இந்தச் சோதனையே வேண்டாம்; நேரே அச்சகத்துக்குப் போய்விடலாம்.